கங்காணி தொடங்கிய கழகம்

பிரேசில் நாட்டின் ஜனாதிபதி ஒருமுறை ஒரு சிறு நகரத்து ரயில் பட்டறைக்கு வந்தார். அங்கே வேலை செய்தவர்கள் மதிய இடைவேளையில் பந்தடிப்பதைக் கண்டு மனம் நெகிழ்ந்தார். அந்த இடத்திலேயே ஒரு உதைபந்தாட்டக் கழகத்தை நிறுவிவிட்டுத் தலைநகரம் திரும்பினார். இப்படி ஒரு புத்தகத்தில் அச்சாகியிருக்கிறது. பளபளக்கும் தாளில், நான்கு பக்கத்துக்கு. டென்மார்க்கில் எத்தனையோ தமிழ் வீடுகளின் கண்ணாடி அலுமாரிகளில், பிள்ளைகளின் வெற்றிக் கிண்ணங்களுக்குப் பக்கத்தில் அந்தப் புத்தகம் நிற்கிறது. யாரும் வாசித்திருக்க மாட்டார்கள் என்பதுதான் ஆறுதல். விழா மலர்களை வாசிப்பதற்காக யாரும் வாங்குவதில்லை. தங்கள் படம் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். வந்திருந்தால் அலுமாரியில் வைப்பார்கள். வராவிட்டால் தலைவருக்குத் தொலைபேசி எடுப்பார்கள்.

அந்தக் கழகத்தை எந்த ஜனாதிபதியும் தொடங்கவில்லை. தொடங்கியவர் ஒரு கங்காணி. அவருடைய மகன் வயிற்றுப் பேரன் பதினாறு வருடமாக என் எதிரே நின்று ஆஸ்பத்திரி விரிப்புகளை விரிக்கிறவர். பொய்யை எழுதியவர் இங்கே எங்கள் தமிழ்க் கழகத்தின் செயலாளர். எழுதச் சொன்னவர் தலைவர். ஆனால் அந்தப் பொய்க்கு வேண்டிய சொல்லை அவர்கள் கையில் கொடுத்தவன் நான். அதனால் நடந்ததை நானே எழுதிவைக்கிறேன்.

நான் வேலை செய்வது டோஸ்ட்ருப் பக்கத்தில் உள்ள ஒரு பெரிய சலவைத் தொழிற்சாலையில். ஈரம் காயாத விரிப்பை இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்து, சுருக்கம் எடுத்து, சூட்டு உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். அது மறுபக்கத்தால் தட்டையாக, மடிந்து வரும். ஒரு விரிப்புக்கும் அடுத்த விரிப்புக்கும் இடையில் ஒரு வசனம் சொல்ல நேரம் இருக்கும். அதற்கு மேல் இல்லை.

என் எதிர் முனையில் நிற்பவர் பிரேசில்காரர். ஒரு டெனிஷ் பெண்ணைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். அந்த அம்மா அவரை விட்டுவிட்டார், டென்மார்க் விடவில்லை. அவர் என்னை ‘ஷெஃப்’ என்று கூப்பிடுவார். டெனிஷில் முதலாளி என்று அர்த்தம். நானும் அவரை ஷெஃப் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் இரண்டு பேருக்கும் கீழே வேலைசெய்ய அந்தக் கட்டடத்தில் ஒரு ஆளும் இல்லை.

என் படிப்பு ஊரில் ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. அவருடையதும் ஏறக்குறைய அவ்வளவுதான். நாங்கள் பேசுகிற டெனிஷ் இந்த நாட்டில் வேறு எவருக்கும் விளங்காது. அதில் நேற்று, இன்று, நாளை எல்லாம் ஒன்றுதான். ஒரு நாள் எங்கள் ஃபோர்மன் வந்து, நீங்கள் கதைப்பது தமிழா போர்த்துக்கேயமா என்று கேட்டார். டெனிஷ் என்றோம். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

இந்த ஃபோர்மன் என்ற டெனிஷ் சொல்லை இங்கேயே சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு ஃபோர்மன் என்றால் காலையில் பட்டியலோடு வந்து நின்று, இன்றைக்கு இத்தனை வண்டில் விரிப்பு என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள். இங்கிலீஷிலும் கிட்டத்தட்ட அதே ஓசையில், அதே பொருளில் ஒரு சொல் இருப்பதால் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. ஊரில் என்றால் கங்காணி என்போம்.

என் ஷெஃபின் ஊர் பிரேசிலின் உட்பகுதியில், இரண்டு ரயில் பாதைகள் சந்திக்கிற இடத்தில் இருக்கிறது. கடலை அங்கே யாரும் கண்டதில்லை. பட்டறையில் பெட்டிகளின் சில்லைக் கழற்றிப் பூட்டுகிற ஆட்களுக்கு அவருடைய பாட்டனார் ஃபோர்மன். மதிய இடைவேளையில் பந்தடிப்பார்கள். முதல் பந்து, முதலாம் வகுப்புப் பெட்டியின் இருக்கைத் தோலை வெட்டித் தைத்தது. உள்ளே இயந்திரம் துடைக்கிற கழிவுப் பஞ்சு. இருக்கையை வெட்டியது யார் என்று மேலிடம் விசாரித்தபோது, எலி என்று பாட்டனார் சொன்னார். இவ்வளவு நேராக வெட்டுகிற எலியா என்று கேட்டார்கள். ரயில்வே எலி ஐயா என்றார்.

கழகத்தின் முதல் கூட்டம் மழைக்கு ஒதுங்கிய ஒரு சரக்குப் பெட்டிக்குள் நடந்தது. சட்டைக்குக் கோதுமை மாச்சாக்குத் துணி. நிறத்துக்குச் சரக்குப் பெட்டிக்கு அடிக்கிற செம்மண் நிற மை. வியர்வை பட்டுக் காய்ந்ததும் அந்தச் சட்டை பலகை மாதிரி ஆகிவிடும். குனிய முடியாது. “அதனால் எங்கள் ஆட்கள் தலையால் அடிக்க நல்லவர்கள். காலால் அடிக்க மோசமானவர்கள்” என்றார் என் ஷெஃப். கோல் கம்பங்கள் தண்டவாள இரும்பு. இன்னும் அதே கம்பங்கள்தான் நிற்கின்றன. அவற்றில் மோதிப் பல் போனவர்களின் பட்டியலை ஊரில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்களாம்.

வெளியூர் ஆட்டங்களுக்குப் போக லொறி கொடுத்தவர் சவப்பெட்டி செய்கிறவர். பெட்டி ஏற்றுகிற லொறியில் பதினொரு பேரும் இறங்கினால் எதிரணிக்காரர் சிலுவை போட்டுக்கொள்வார்கள். லொறிக்கு வாடகை வேண்டாம் என்றுவிட்டார். பதிலுக்கு ஒன்று கேட்டார்: எடுக்கிற படங்களில் எல்லாம் தானும் நடுவில் நிற்க வேண்டும். எப்போதும் கறுப்புக் கோட்டோடு நிற்பார். தொழிலுக்கு வைத்திருந்த கோட்டு.

அந்தக் கழகம் ஒரே ஒரு முறை தங்கள் மாநிலத்தின் உட்பகுதிக் கழகங்களுக்கான இரண்டாம் பிரிவில் வென்றது. முதலாம் பிரிவுக்குப் போய், எல்லா ஆட்டத்திலும் தோற்று, ஒன்றில் மட்டும் சமன் செய்து, கீழே வந்தது. அந்தச் சமனைத்தான் இன்றும் கொண்டாடுகிறார்கள். பிறகு ரயில் நின்றது. பட்டறை மூடப்பட்டது. அணியே சேராமல், கழகக் கட்டடத்தில் மதுக்கடை மட்டும் நடந்த வருடங்களும் உண்டு. இப்போது மாநிலத்தின் கடைசிப் பிரிவில் இருக்கிறது. அதற்குக் கீழே பிரிவு இல்லை. “இனி விழ முடியாது. பாதுகாப்பான இடம்” என்பார்.

இந்தக் கதை முழுவதும் எனக்கு விரிப்பு விரிப்பாக, வசனம் வசனமாக வந்தது. பதினாறு வருடத்தில் நான் கேட்ட பேச்சுகளில் பெருமை பேசாத பேச்சு இது ஒன்றுதான்.

இனி எங்கள் கழகம். அது அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு புல்வெளியில், சப்பாத்துப் பைகளைக் கம்பமாக வைத்துப் பன்னிரண்டு பேர் விளையாடியதில் தொடங்கியது. பன்னிரண்டாவது ஆள் நான். விளையாட வரும் என்பதால் அல்ல. பந்து வீதிக்குப் போனால் எடுத்துவர ஒரு ஆள் வேண்டும். இன்று கழகத்துக்குத் தலைவர், உபதலைவர் இருவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், போஷகர்கள் நால்வர் இருக்கிறார்கள். ஆலோசகர்கள் எத்தனை பேர் என்று அவர்களுக்கே தெரியாது. களத்தில் இறக்கப் பதினொரு பேர் சேராத ஞாயிறுகள் உண்டு. அந்த ஞாயிறுகளிலும் கூட்டத்துக்கு ஆள் குறைந்ததில்லை.

சட்டை மஞ்சள், கழுத்து பச்சை. ஊரில் எந்தக் கழகத்துக்குச் சட்டை தைத்தாலும் பாதிப் பேர் பிரேசில் நிறம் என்பார்கள், பாதிப் பேர் ஆர்ஜென்டீனா என்பார்கள். எங்கள் கழகத்தில் அந்தச் சண்டையில் பிரேசில் வென்றது. அவ்வளவுதான் எங்களுக்கும் பிரேசிலுக்கும் இருந்த உறவு.

அந்தச் சட்டைகளை இருபது வருடம் தோய்த்தவன் நான். எங்கள் குடியிருப்பின் நிலவறையில் எல்லோருக்கும் பொதுவான சலவை அறை இருக்கிறது. ஞாயிறு மாலை பையோடு இறங்குவேன். வேலையிலும் அதுதான், வீட்டிலும் அதுதானோ என்று மனைவி கேட்பாள். இயந்திரத்தோடு கதைக்கத் தேவையில்லை என்பது அதில் உள்ள வசதி. நாலு பேர் கூடுகிற இடத்தில் எனக்கு வாய் வராது. கூட்டங்களில் கதவடியில் நின்று, பையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

எங்கள் தலைவர் நல்ல உயரம். பத்தொன்பது வருடமாகத் தலைவர். சங்கங்களின் தலைவருக்கும் டெனிஷில் ஃபோர்மன் என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. கடிதங்கள் எழுதுகிறவர்களுக்குத் தெரியும். நகரசபைக்குப் போகிற ஒவ்வொரு கடிதத்திலும் தலைவர் தன் கையெழுத்துக்குக் கீழே அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக் கடிதப் பெட்டியில் பெயர், அதற்குக் கீழே அதே சொல். நான் அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஏதோ தொழிற்சாலையில் மேற்பார்வை வேலை பார்த்தவர் போலும் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிவிழா வந்தது. விபோர்க்கில் உள்ள தமிழ்க் கழகம் தங்கள் மலரில் இங்கிலாந்துக் கழகம் ஒன்றின் வாழ்த்துச் செய்தியைப் போட்டிருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து தலைவருக்கு நித்திரை இல்லை என்று செயலாளர் சொன்னார். ஒரு கூட்டத்தில் நான் பையை வைத்துவிட்டுத் திரும்பும்போது தலைவர் கூப்பிட்டார்.

“தம்பி, உம்மோடை ஒரு பிரேசில்காரன் வேலை செய்யிறானாமே.”

“ஓம் அண்ணை.”

“பந்தடிக்கிறவனோ?”

“இல்லை அண்ணை. விரிப்புப் பிடிக்கிறவர்.”

கூட்டத்தில் சிரித்தார்கள். நான் அதோடு வந்திருக்க வேண்டும். ஆனால் என் ஷெஃபை நினைத்து அவர்கள் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

“அவரின்ரை ஊரிலை ஒரு கழகம் இருக்கு, அண்ணை. நூறு வருசத்துக்குக் கிட்ட இருக்கும். அவரின்ரை அப்பப்பா தொடங்கினது.”

“அப்பப்பா ஆர்?”

“ரயில் பட்டறையிலை ஃபோர்மன்.”

தலைவர் கதிரையில் நிமிர்ந்தார். அந்தச் சொல் அவருடைய முகத்தில் வெளிச்சம் போட்டது. “ஃபோர்மன்,” என்று தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு செயலாளரைப் பார்த்து, “எழுதும்” என்றார். கங்காணி என்று நான் சொல்லியிருந்தால் அவர் எழுதச் சொல்லியிருக்க மாட்டார். எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும்.

அந்தக் கழகம் எங்கள் ‘சகோதரக் கழகம்’ என்று அன்றே தீர்மானம் நிறைவேறியது. அந்தச் சகோதரருக்கு இந்த விஷயம் இன்றுவரை தெரியாது. வரலாறு எழுத நான் வாயால் சொன்னதைச் செயலாளர் குறித்துக்கொண்டார். படம் கேட்டார்கள். பேரனைப் பிரதம விருந்தினராக அழைக்கச் சொன்னார்கள்.

என் ஷெஃபின் வீட்டுச் சுவரில் ஒரு படம் இருந்தது. பலகைச் சட்டையோடு பதினொரு பேர். நடுவில் கறுப்புக் கோட்டோடு சவப்பெட்டிக்காரர். வலது ஓரத்தில், வெறுங்காலோடு, காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு, பந்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பாட்டனார். அவர் இறந்த பிறகு பிறந்தவர் என் நண்பர். வேறு படங்கள் இருந்த வீட்டுக்குள் ஆற்று வெள்ளம் வந்துபோனது. உலகத்தில் பாட்டனாருக்கு இருக்கிற முகம் இந்தப் படத்தில் இருப்பதுதான். அதுவும் பெருவிரல் நகத்தளவு.

“விழாவில் இதைப் பெரிதாக்கித் திரையில் காட்டுவார்கள்” என்றேன்.

“எவ்வளவு பெரிது? கதவளவா?”

“கதவைவிடப் பெரிது.”

அவர் சட்டத்தைத் தானே கழற்றினார். படத்தைச் சுத்தமான தலையணை உறை ஒன்றுக்குள் வைத்தார். “ஷெஃப், உன் கையில் தருகிறேன். உன் கையால் வாங்குவேன்” என்றார். சரி என்றேன். அதன் பிறகு தினமும் இரண்டு விரிப்புகளுக்கு நடுவில் அதே கேள்வி. கதவைவிடப் பெரிதா. முகம் தெரியுமா. தாடையில் வெட்டுக் காயம் இருந்தது என்று அப்பா சொல்வார், அது தெரியுமா.

மூன்று கிழமை கழித்து, படத்தைத் திருப்பி வாங்கச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். அவர் ஊரில் ஆசிரியராக இருந்தவர். மழை பெய்தது என்று எழுத மாட்டார், மாரி பொழிந்தது என்றுதான் எழுதுவார். கணினியில் மலரைக் காட்டினார். நான் மெதுவாகத்தான் வாசிப்பேன். ‘பிரேசில் தேசத்தின் மாண்புமிகு ஜனாதிபதி அவர்கள்’ என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

“இது ஆர் அண்ணை?”

“நீர்தானே சொன்னனீர், ஃபோர்மன் எண்டு. ஃபோர்மன் எண்டால் தலைவர். நான் முதலிலை ரயில் பட்டறையின்ரை தலைவர் எண்டுதான் போட்டனான். எங்கடை தலைவர்தான் கேட்டவர், ரயில் ஆரின்ரை? அரசாங்கத்தின்ரை. அரசாங்கத்துக்குத் தலைவர் ஆர்? ஜனாதிபதி. அப்ப அதை மயக்கமில்லாமல் போடும் எண்டார்.”

“அண்ணை, அவர் கங்காணி.”

“கங்காணியோ?”

“ஓம். சில்லுக் கழட்டுற ஆக்களுக்குக் கங்காணி.”

செயலாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரு கழகத்தின்ரை வரலாறு கங்காணியோடையோ தொடங்கிறது?”

பக்கத்தை உருட்டிப் படத்தைக் காட்டினார். சவப்பெட்டிக்காரரைச் சுற்றிப் பொன்நிற வளையம். கீழே ‘நிறுவுநர்’. வலது ஓரம் இல்லை.

“இஞ்சை ஓரத்திலை ஒருத்தர் நிண்டவர்.”

“ஓம், ஒரு வேலைக்காரன். வெறுங்காலோடை நிண்டவன். மலருக்கு வடிவில்லை எண்டு எடுத்திட்டன்.”

“அவர்தான் அப்பப்பா.”

செயலாளர் திரையைப் பார்த்தார். பிழை விளங்கியது என்பது முகத்தில் தெரிந்தது. விளங்கிய பிழையைத் திருத்துகிற பழக்கம் அவருக்கு இல்லை. “தலைவரோடை கதையும்” என்றார். படமும் தலைவரிடம்தான் இருந்தது.

தலைவர் வீட்டில் என்னைக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள். தேநீர் வந்தது. நான் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப கோட்டுப் போட்ட மனிசன் ஆர்?”

“சவப்பெட்டி செய்யிறவர், அண்ணை.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “பகிடி விடாதையும். மனிசன்ரை நிலையைப் பாரும். அது பதவியிலை இருந்தவன் நிக்கிற நிலை. எனக்குத் தெரியாதோ?”

“படத்தைத் தாங்கோ அண்ணை. நான் குடுக்க வேணும்.”

“விழாவிலை மேசையிலை வைச்சிட்டுத் தாறன். மலர் அச்சுக்குப் போட்டுது. தம்பி, இது வரலாறு. உமக்கு விளங்காது. நீர் ஜேர்சியைப் பாரும்.”

நான் ஓம் அண்ணை என்றேன். எழும்பி வந்துவிட்டேன்.

என் மனைவி வயோதிபர் இல்லத்தில் வேலை செய்கிறாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, காய்கறி வெட்டுவதை நிறுத்தாமல் சொன்னாள்:

“அப்ப ஓம் எண்டு சொல்லிப்போட்டு வந்தியள்.”

“வேறை என்ன சொல்ல?”

“எங்கடை இல்லத்திலை பாரிசவாதம் வந்து பேச்சு நிண்டுபோன கிழவர் ஒராள் இருக்கிறார். சாப்பாடு பிடிக்காட்டித் தட்டைத் தள்ளிவிடுவார். அவ்வளவாவது செய்யலாம்.”

நான் வெட்டிய காய்கறியைச் சட்டிக்குள் அள்ளிப் போட்டேன்.

“பிரேசில்காரருக்குச் சொல்லிப்போட்டியளோ?”

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் விரிப்பைப் பிடிப்பேன். அவர் முந்திக்கொண்டு, விழாவுக்கு வெள்ளைச் சட்டை வாங்கிவிட்டேன் என்பார். அடுத்த விரிப்பு வந்துவிடும். மலர் தமிழில்தானே, அவருக்கு விளங்காதே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். திரையிலாவது முழுப் படத்தைப் போடுவார்கள் என்று நினைத்தேன். கோழைத்தனத்துக்கு எப்போதும் ஒரு கணக்கு இருக்கும்.

விழா ஒரு சனிக்கிழமை பிற்பகல், அல்பர்ட்ஸ்லுண்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்தது. மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், பிறகு பேச்சுகள். ஒவ்வொருவரும் நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாக முடிக்கிறேன் என்று தொடங்கினார்கள். பந்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ஒருவருக்கொருவர் பொன்னாடை போர்த்தினார்கள். விளையாடுகிற பொடியன்கள் பின்வரிசையில் இருந்து டெனிஷில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் நகரசபையிலிருந்து வந்த ஒரு டெனிஷ் பெண்மணியும், அவருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு என் ஷெஃபும் இருந்தார்கள். அவர் தலைக்கு எண்ணெய் வைத்து வாரியிருந்தார்.

பெண்மணிக்காகத் தலைவர் டெனிஷில் பேசினார். விளக்குகளை அணைத்தார்கள். திரையில், கதவைவிடப் பெரிதாக, சவப்பெட்டிக்காரர் வந்தார். பொன் வளையத்துக்குள். பிரேசில் ஜனாதிபதி என்றார் தலைவர். மண்டபம் கைதட்டியது.

என் ஷெஃப் முதலில் சிரித்தார். நல்ல பகிடி என்று நினைத்திருக்க வேண்டும். தொடையில் தட்டிச் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குக் காத்திருந்தார். அடுத்த படத்தில் எங்கள் தலைவர் வந்தார். அதற்கு அடுத்ததில் தலைவரும் செயலாளரும். கதிரையில் முன்னுக்கு வந்து, கழுத்தை நீட்டி, இன்னும் நாலு படம் பார்த்தார். விளக்கு எரிந்தது. அவர் திரும்பிக் கதவடியில் நின்ற என்னைத் தேடினார்.

தலைவர் ஒலிவாங்கியை அவர் கையில் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அவர் எழும்பி எங்கள் டெனிஷில் பேசினார். பெண்மணி தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டார். அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பொடியன்களுக்கும் பிடிபடவில்லை. தலைவருக்கும்தான். அந்த மண்டபத்தில் அந்த மொழி தெரிந்த இரண்டாவது ஆள் நான்.

“தம்பி, இஞ்சை வாரும். என்ன சொல்லுறார் எண்டு சபைக்குச் சொல்லும்.”

நான் கதவடியிலிருந்து முன்வரிசைவரை நடந்தேன். தலைவர் ஒலிவாங்கியை என்னிடம் தரும்போது காதுக்குள் சொன்னார்: “சந்தோசம், நன்றி எண்டு சொல்லிவிடும்.”

என் ஷெஃப் என்னைப் பார்த்து, விரிப்புக்கு நடுவில் பேசுவதுபோல ஒவ்வொரு வசனமாகத் திரும்பச் சொன்னார். எதிரே நிற்பவர் முனையை நீட்டினால் பிடிக்காமல் விட எனக்குப் பழக்கம் இல்லை. பதினாறு வருடப் பழக்கம். பிடித்தேன்.

“இவர் சொல்லுறார், நீங்கள் காட்டினவர் சவப்பெட்டி செய்யிறவராம். கழகத்துக்கு லொறி குடுத்தவராம். நல்ல மனிசனாம்.”

என் ஷெஃப் அடுத்த வசனத்தை நீட்டினார்.

“கழகத்தைத் தொடங்கினது தன்ரை அப்பப்பாவாம். ரயில் பட்டறையிலை கங்காணி. படத்திலை ஓரமா, வெறுங்காலோடை நிண்டவர். அவரைப் பெரிசாய்ப் பாக்கலாம் எண்டு நான் சொல்லித்தான் இண்டைக்கு வந்தவராம். அவர் எங்கை எண்டு கேக்கிறார்.”

பின்வரிசையில் ஒரு முதியவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எல்லோருக்கும் கேட்டது: “அப்ப சவப்பெட்டிக்காரனுக்கோ கைதட்டினனாங்கள்?”

“வயசுக்கு அதுவும் தேவைதான் அப்பு,” என்றார் மற்றவர். மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஒரு விழாவில் எங்கள் ஆட்கள் மனம்விட்டுச் சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

தலைவர் என்னிடமிருந்து ஒலிவாங்கியை வாங்கி, மொழிபெயர்ப்பில் சிறு பிழை நேர்ந்திருக்கிறது என்று அறிவித்தார். பிறகு உணவு தயார் என்றார். உணவு என்ற சொல்லுக்குப் பிறகு எங்கள் சபையில் வரலாறு நிற்காது. எல்லோரும் எழும்பிவிட்டார்கள்.

படம் வாசலடி மேசையில் புதுச் சட்டம் ஒன்றுக்குள் இருந்தது. அதிலும் வலது ஓரம் இல்லை. நான் சட்டத்தைத் திருப்பி முள்ளாணிகளை எடுத்தேன். வெட்டவில்லை. சட்டம் சிறிதாக இருந்ததால் ஓரத்தைப் பின்பக்கம் மடித்துவிட்டிருந்தார்கள். பாட்டனார் கடதாசி மட்டைக்குள் முகம் புதைத்துக்கொண்டிருந்தார். விரித்தபோது அவருக்கும் பதினோராவது ஆட்டக்காரருக்கும் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. என் கையால் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு அந்தக் கோட்டை விரலால் தடவினார். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். தன் கைத்தொலைபேசியால் பாட்டனாரைக் கிட்டவாகப் படம் பிடித்தாள். நேரே போய், திரைக்குப் படம் போட்ட ஆளின் முன்னால் நின்றாள். அவர் கையில் பாதி கடித்த றோல்ஸ் இருந்தது.

“இதைப் போடுங்கோ.”

“அக்கா, நிகழ்ச்சி முடிஞ்சுது.”

“ஓம், அதுதான் இப்ப போடச் சொல்லுறன். கையைத் துடைச்சுப்போட்டுப் போடுங்கோ.”

போட்டார். ஆட்டிறைச்சிக் கறிக்கு நின்ற வரிசை மண்டபத்தின் நீளத்துக்கு இருந்தது. திரைக்கு எல்லோரும் முதுகு. தலைவர் வரிசையின் முன்னால், டெனிஷ் பெண்மணிக்கு எது உறைப்பு, எது உறைப்பில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தார். திரையில் பாட்டனார் நின்றார். கதவைவிடப் பெரிது. கக்கத்தில் பந்து. வெறுங்கால். வெள்ளைக் கோடு அவருடைய தோளை உரசிக்கொண்டு போனது.

என் ஷெஃப் திரைக்குக் கிட்டப் போய் நிமிர்ந்து பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். தாடையில் காயம் இருந்தது. இடதுபக்கம், திரையில் மூன்று அங்குலம். அவர் அதைக் காட்டி, “அப்பா பொய் சொல்லவில்லை” என்றார். பிறகு தன் கையைத் தூக்கி அந்தத் தாடையில் வைத்தார். கை நிழல் விழுந்து முகம் மறைந்தது. உடனே எடுத்துவிட்டார்.

ஒரு மாதத்துக்குப் பிறகு, மலருக்குத் திருத்தம் என்று ஒரு துண்டுத்தாள் எல்லா வீடுகளுக்கும் வந்தது. அதில் ஒரே வரி: ‘ஜனாதிபதி என்பதை முன்னாள் ஜனாதிபதி என வாசிக்கவும்.’

அதற்கு முன்பே, விழாவுக்கு அடுத்த நாள், ஞாயிறு ஆட்டம் நடந்தது. வழக்கம்போலச் சட்டைப் பையை என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். சேறு, வியர்வை, இரண்டில் இரத்தம். நான் அதைத் தூக்கிக்கொண்டு தலைவர் வீட்டுக்கு நடந்தேன். மணி அடிக்கவில்லை. அடித்தால் கதைக்க வேண்டிவரும். கடிதப் பெட்டிக்குக் கீழே, ஃபோர்மன் என்ற அந்தச் சொல் எழுதியிருந்த இடத்துக்கு நேரே பையை வைத்தேன். திறந்தபடிதான் வைத்தேன், மணக்கட்டும் என்று.